சிலிம் ரிவர் வளைவில் சுட்ட பீரங்கி

அண்ணே,

நேற்று கோப்பெங் சாலையில் பஸ் நின்ற இடத்தில் எனாமல் பெயிண்ட் வாசம் ஜன்னல் வழியாக உள்ளே வந்தது. திரும்பிப் பார்த்தேன். அந்தக் கிளப்பின் புல்தரையில் இரண்டு பேர் பீரங்கிக்குப் பச்சைப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவன் குழலின் இரண்டு பக்கமும் காலைப் போட்டு உட்கார்ந்து, வாயில் சிகரெட்டோடு தூரிகையை இழுத்துக்கொண்டிருந்தான். நான் இறங்க வேண்டிய இடம் அதுவல்ல. இறங்கியிருந்தாலும் அவனிடம் என்ன சொல்லியிருப்பேன்? பஸ் கிளம்பிவிட்டது. வீட்டுக்கு வந்து, சாப்பிடப் பிடிக்காமல், இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

நீங்கள் கண்ணை மூடி நான்கு மாதமாகிறது. பத்து வருடத்துக்கு மேல் பக்கத்துப் பக்கத்து மேசையில் வேலை செய்தோம். ஒரே கடையில் கொப்பி குடித்தோம். உலகத்தில் உள்ளதையெல்லாம் பேசினோம். இதை மட்டும் பேசவில்லை. நான் பேசவில்லை என்று எழுதுவதுதான் சரி.

எழுபதுகளின் நடுவில் ஒரு திங்கட்கிழமை அது நம் பட்டறைக்கு வந்தது. ஈயம் தோண்டும் கப்பல்களுக்குப் பல்சக்கரமும் வாளியும் செய்துகொண்டிருந்த பட்டறைக்குப் பீரங்கி எதற்கு என்று எல்லோரும் லோரியைச் சுற்றி நின்றோம். சிலிம் ரிவர் பக்கம், நீங்கள் பிறந்த எஸ்டேட்டில், பால்மரங்களைச் சாய்த்துவிட்டுச் செம்பனை நட வாய்க்கால் வெட்டியபோது சேற்றுக்குள்ளிருந்து கிடைத்ததாம். போலீஸ்காரர்கள் சுற்றிப் பார்த்து, துருப்பிடித்த இரும்பு என்று விட்டுவிட்டார்கள். கிளப்பில் யாரோ பெரிய மனிதர் வாசலில் வைக்க ஆசைப்பட்டார். சுத்தம் செய்து, பெயிண்ட் அடித்து, இனி அது சுடாது என்று பட்டறை எழுதிக் கொடுக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை.

சின்னப் பீரங்கி. என் நெஞ்சு உயரம்கூட இல்லை. டாங்கியைத் துளைப்பதற்கென்றே, ஜப்பான் சண்டைக்குச் சில வருடம் முன்னால் வெள்ளைக்காரன் செய்தது. குண்டு இரண்டு பவுண்டு எடை. இதையெல்லாம் நீங்கள்தான் சொன்னீர்கள். ஆனால் உடனே சொல்லவில்லை. அரைமணி நேரம் அதைத் தொடாமல் நின்றீர்கள். பிறகு என்னைக் கூப்பிட்டீர்கள்.

“மாரி, இது அதுதான்.”

“எதுண்ணே?”

“இந்தக் குழலப் பாரு. உள்ள போயிருக்கு. வெளிய வரல.”

உங்கள் எஸ்டேட்டிலிருந்து வருகிறவர்கள் கொப்பிக் கடையில் உங்களைக் காட்டி, ‘கண்ணப் புடுங்குன ஆளு’ என்று தங்களுக்குள் சொல்லிக்கொள்வதை நான் முன்பே கேட்டிருக்கிறேன். ஏதோ அடிதடி என்று நினைத்திருந்தேன். அதன் அர்த்தத்தை அன்று மதியம், பீரங்கிக்குப் பின்னால் இரும்புப் பெட்டிமேல் உட்கார்ந்து, ரொட்டியைப் பிய்த்தபடி நீங்கள் சொன்னீர்கள்.

உங்களுக்கு அப்போது பதினெட்டு வயது. ஜப்பான்காரன் வடக்கிலிருந்து இறங்கி வந்துகொண்டிருந்தான். குண்டுப் பெட்டி தூக்க எஸ்டேட்டில் ஆள் கேட்டார்கள். நீங்களும் உங்கள் கூட்டாளி வீரனும் போனீர்கள். சாலை வளைவில் பள்ளம் தோண்டி இந்தப் பீரங்கியை வைத்தார்கள். நான்கு வெள்ளைக்காரச் சிப்பாய்கள், நீங்கள் இரண்டு பேர். மற்றப் பீரங்கிகள் அவிழ்க்கப்படாமல் லோரிகளுக்குப் பின்னாலேயே நின்றன. டாங்கி வருகிறது என்று பின்னால் இருந்தவர்களுக்கு யாரும் சொல்லவில்லை.

விடிந்தும் விடியாத நேரத்தில் அவை வந்தன. நம் வண்டிதான் திரும்பி வருகிறது என்று சார்ஜன்ட் முதலில் சுட வேண்டாமென்று கையைத் தூக்கினாராம். பிறகுதான் கத்தினார். முதல் குண்டு மேலே போய்விட்டது. இரண்டாவது குண்டு முன்னால் வந்த டாங்கியின் நெற்றியில் போனது.

“எப்படிப் போச்சுங்கிற? தகரத்துல ஆணி அடிச்ச மாதிரி. சத்தமே பெருசா இல்ல. அது அப்படியே நின்னுப்போச்சு. பின்னால வந்தது சுத்திப் போகப் பாத்துச்சு. வீரன் குண்ட எடுத்துக் குடுத்தான். அதும் நின்னுச்சு.”

அந்தப் பீரங்கியைப் பொம்மை என்று நம் பட்டறையில் ஒருவன் கேலி செய்தபோது உங்களுக்கு வந்த கோபம் எனக்கு நினைவிருக்கிறது. “பீரங்கி நல்ல பீரங்கி. வெச்சவனுங்கதான் சரியில்ல” என்றீர்கள். அது தூரத்திலேயே அந்த டாங்கிகளைத் துளைக்கும். ஜப்பான்காரன் டாங்கியின் இரும்பு மெல்லிசு. ஆனால் அதற்குக் கொடுத்த குண்டு வெறும் கட்டி இரும்பு, வெடிக்காது. டாங்கியை நிறுத்தும், மரத்துக்கு மரம் ஒளிந்து வருகிற ஆளை ஒன்றும் செய்யாது. டாங்கி நின்றதும் ஆட்கள் பால்மரக் காட்டுக்குள் இறங்கி இரண்டு பக்கமும் வந்தார்கள். பீரங்கிக்கு அவர்கள்மேல் சுட ஏதுமில்லை. சாலையையே பார்த்துக்கொண்டு நின்றது.

கடைசியாகச் சுட்ட குண்டு போன அதே நொடியில் எங்கிருந்தோ ஒன்று வந்து பீரங்கியின் அடிப்பக்கத்தில் அடித்தது. சுட்டதும் பின்னால் போகிற குழல் தானாக முன்னுக்கு வர வேண்டும். வரும்போதே பின்கதவு திறந்து வெறும் பித்தளைக் கூட்டை வெளியே தள்ளும். அது வரவில்லை. போன இடத்திலேயே சிக்கிக்கொண்டது. வீரன் அடுத்த குண்டை மடியில் வைத்தபடியே செத்திருந்தான். சார்ஜன்ட்டுக்கு வயிற்றில் அடி. குறி பார்க்கும் கண்ணாடியைக் கழற்றி எடுத்துக்கொண்டு ஓடு, ஜப்பான்காரன் கையில் கிடைக்கக் கூடாது என்று உங்களிடம் கையால் காட்டினார். கழற்றிச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு ஓடினீர்கள்.

அந்தக் கண்ணாடியை லயத்து வீடுகளில் பலர் பார்த்துவிட்டார்கள். இரண்டு நாளில் ஜப்பான்காரன் உங்களைப் பிடித்து அரிசி மூட்டை சுமக்க வைத்தான். அதையும் பார்த்தார்கள். வீரன் செத்தான், இவன் மட்டும் உயிரோடு ஜப்பான்காரனுக்கு மூட்டை தூக்குகிறான் என்றார்கள். வீரனின் அண்ணன் ராமையா, பிற்பாடு அங்கே ஆட்களை மேய்க்கும் மண்டோராக இருந்தவர், கதையை முடித்துவைத்தார். நீங்கள் சண்டைக்கு முன்பே பீரங்கியின் கண்ணைப் பிடுங்கிவிட்டீர்களாம். அதனால் அது சுடவே இல்லையாம். ஊமைப் பீரங்கிக்குப் பக்கத்தில் தன் தம்பி ஆடு மாதிரிச் செத்தானாம்.

அதோடு எஸ்டேட்டில் உங்களுக்கு வாழ்க்கை முடிந்தது. பெண் தருவதாகச் சொன்ன வீட்டில் தரவில்லை. கோயில் திருவிழாவில் உங்களிடம் தேங்காய் வாங்க மறுத்தார்கள். ஈப்போவுக்கு வந்துவிட்டீர்கள். உங்கள் அம்மா இறந்தபோது திரும்பிப் போனீர்கள். தூக்க ஒரு தோள்கூட வரவில்லை. உரம் ஏற்றும் தள்ளுவண்டியில் அவரை வைத்து, நீங்கள் ஒருவராகவே சுடுகாடு வரை தள்ளிக்கொண்டு போனீர்கள். இதைச் சொல்லும்போது உங்கள் குரல் மாறவில்லை. “மேட்டுலதான் கொஞ்சம் கஷ்டமா இருந்துச்சு” என்றீர்கள்.

புதன்கிழமை நீண்ட கம்பி ஒன்றை எடுத்து வந்தீர்கள். குழலின் வாய்வழியாக விட்டீர்கள். குண்டு உள்ளே இருந்தால் கம்பி கடைசி வரை போகாமல் அதன் மூக்கில் இடிக்கும். இடிக்கவில்லை. போய்க்கொண்டே இருந்தது. கடைசியில் ‘டிங்’ என்று பித்தளைச் சத்தம் கேட்டது. சாக்பீசால் கம்பியில் கோடு போட்டு, வெளியே எடுத்துக் குழலுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தீர்கள். கோடு பின்கதவு வரை வந்தது.

இரண்டு நாள் மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவைத்து, வெள்ளிக்கிழமை கதவைக் கொஞ்சம் இறக்கினோம். உள்ளே பச்சை பூத்த பித்தளைக் கூடு. அதன் அடியில், நடுவில், ஊசி குத்திய பள்ளம், சுட்டதற்கு அடையாளம். நான் டார்ச் பிடித்தேன். நான்தான் பிடித்தேன், அண்ணே. நீங்கள் பார்த்ததையெல்லாம் நானும் பார்த்தேன்.

“எடுக்கவாண்ணே?”

“கை வெக்காத. இருக்கிற எடத்துலயே இருக்கட்டும். குழல் சிக்கிக் கெடக்குறதையும், கூடு உள்ள இருக்குறதையும் ராமையா தன் கண்ணால பாக்கணும். எடுத்துட்டா எங்கியோ வாங்கிட்டு வந்தேன்னு சொல்லுவான்.”

சனிக்கிழமை காலையிலேயே லீவு சொல்லிவிட்டு எஸ்டேட்டுக்குப் பஸ் ஏறினீர்கள். அம்மா சாவுக்குப் பிறகு, இருபது வருடம் கழித்து. “நாளைக்குக் கூட்டிட்டு வாரேன். அதுவரைக்கும் பாத்துக்க மாரி” என்றீர்கள். நான், “நான் இருக்கேன்லா, போய்ட்டு வாங்கண்ணே” என்றேன்.

மதியம் பட்டறை முதலாளி தவுக்கே வந்தார். ஞாயிற்றுக்கிழமை கிளப்பில் திறப்புவிழாவாம், சாயங்காலம் லோரி வருமாம். பின்கதவை வெல்டிங் செய்து மூடு, குழல் குட்டையாகத் தெரிகிறது, இழுத்து நீட்டு என்றார். நான் சொன்னேன். இதை நீங்கள் நம்ப வேண்டும், முதலில் நான் சொல்லத்தான் செய்தேன். “தவுக்கே, உள்ளே ஒரு கூடு இருக்கு. அண்ணன் நாளைக்கு ஆள் கூட்டிட்டு வாரார். ஒருநாள் பொறுங்க.”

அவர் முகம் செத்துப்போனது. பட்டறைக் கதவைச் சாத்திவிட்டு வந்தார். அந்த வருடங்கள் எப்படிப்பட்டவை என்று உங்களுக்குத் தெரியும். கையில் ஒரு தோட்டா இருந்தால் தூக்கு என்று ஊரே பயந்து கிடந்தது. ‘கொசோங்’, வெறுமை, உள்ளே ஒன்றுமில்லை என்று போலீசுக்குக் கொடுக்கும் தாளில் அவர் கையெழுத்துப் போட்டுவிட்டிருந்தார். வெறும் கூடும் கொசோங்தானே என்றேன். அதை நீ லாக்கப்பில் போய்ச் சொல், நான் உனக்கு முன்னால் அங்கே இருப்பேன் என்றார். கூட்டை எடுத்து ஆற்றில் போட்டுவிடலாம் என்று குறட்டால் இழுத்தும் பார்த்தோம். அது அசையவில்லை.

அடிபட்டு நசுங்கியிருந்த பாகத்தை நான் வெட்டினேன். சங்கிலி போட்டுக் குழலை முன்னால் இழுத்தேன். முப்பது வருடத்துக்கு மேல் அது பிடித்து வைத்திருந்த சாட்சியை ஒரு மணி நேரத்தில் நேராக்கிவிட்டேன். பிறகு கதவை ஏற்றி, சுற்றிலும் வெல்டிங் வைத்து, கிரைண்டரால் தேய்த்து, கோடு தெரியாமல் செய்தேன். நல்ல வேலை. தவுக்கே தட்டிக்கொடுத்தார். அடுத்த வருடம் என்னைத் தலைமை வெல்டராக ஆக்கினார்கள். பயத்தால் மட்டும்தான் செய்தேன் என்று எழுதினால் இந்தக் கடிதத்திலும் பொய் சொன்னவனாவேன்.

ஞாயிறு காலை நீங்கள் பட்டறைக்குப் போய், அது இல்லை என்று தெரிந்து, கிளப்புக்கு வந்தீர்கள். தவுக்கேயோடு நான் ஏற்கெனவே அங்கே நின்றிருந்தேன். கூட ராமையா. வெள்ளைச் சட்டை, கக்கத்தில் குடை. எஸ்டேட்டிலிருந்து இன்னும் இரண்டு பெரியவர்கள். நீங்கள் அவர்களை எப்படிச் சம்மதிக்க வைத்தீர்கள் என்று எனக்குத் தெரியாது. யார் யார் காலில் விழுந்தீர்களோ. புல்தரையில் கூடாரம் போட்டிருந்தார்கள். போலீஸ் அதிகாரி ஒருவர் கேக் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

பீரங்கியைப் பார்த்ததும் நின்றீர்கள். பச்சையாக, நீண்ட குழலோடு, புதிதாக நின்றது. பின்பக்கம் போய்க் கையை வைத்துத் தடவினீர்கள். என் வெல்டிங்கை உங்கள் விரல் கண்டுபிடித்துவிட்டது.

ராமையா கேட்டார். “எங்கப்பா கூடு? குழல் உள்ள போயிருக்குன்ன. நல்லா நீட்டிக்கிட்டுத்தானே நிக்கிது?”

நீங்கள் என் பக்கம் திரும்பினீர்கள். உங்கள் முகத்தில் அப்போதும் கோபமில்லை. நம்பிக்கைதான் இருந்தது.

“மாரி, நீ சொல்லு. உள்ள கூடு இருந்துச்சா இல்லையா? நீ டார்ச் புடிச்சில்ல?”

தவுக்கே ஐந்தடி தூரத்தில் தேநீர்க் கோப்பையோடு நின்றார். அவருக்கு அப்பால் அந்தப் போலீஸ் தொப்பி.

“எனக்குத் தெரியாதுண்ணே. நான் வெல்டிங் மட்டும்தான் பண்ணேன்.”

ராமையா சிரித்தார். “இதுக்காக பஸ்ஸு ஏறி வந்தேன் பாரு” என்று மற்ற இருவரிடமும் சொன்னார். மூவரும் கேட்டைத் தாண்டிப் போய்விட்டார்கள். நீங்கள் வெல்டிங்மேலிருந்து கையை எடுத்தீர்கள். பிறகு என்னிடம் வந்தீர்கள். அடிப்பீர்கள் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம்.

“சரி மாரி. நீ பசியாறிட்டியா?”

அவ்வளவுதான் கேட்டீர்கள். திங்கட்கிழமை வழக்கம்போல் வேலைக்கு வந்தீர்கள். என் மேசையிலிருந்து ஸ்பேனர் கேட்டீர்கள். நான் கொடுத்தேன். அப்படியே வருடங்கள் போயின. அந்த மௌனத்துக்காக உங்கள்மேல் எனக்குக் கோபமும் உண்டு, அண்ணே. ஒரு கெட்ட வார்த்தை திட்டியிருந்தால் நானும் அழுது தொலைத்திருப்பேன். ஆஸ்பத்திரிக் கட்டிலில் நீங்கள் கிடந்தபோது கடைசியாக முயன்றேன். “அண்ணே, அன்னைக்கு அந்தக் கிளப்புல...” என்று ஆரம்பித்தேன். கண்ணைத் திறக்காமலே, “அந்த ஃபேன கொஞ்சம் கொறச்சு வை மாரி, குளுருது” என்றீர்கள். எழுந்து போய்க் குறைத்துவிட்டு வந்தேன். நீங்கள் தூங்கிவிட்டிருந்தீர்கள், அல்லது தூங்குகிறவர் போலக் கிடந்தீர்கள். அடுத்த வாரம் போய்விட்டீர்கள். பட்டறை ஆட்கள் தோள் கொடுத்தோம். எஸ்டேட்டிலிருந்து ஒருவரும் வரவில்லை.

பதினாறாம் நாள் முடிந்ததும் ராமையாவைத் தேடிப் போனேன். எஸ்டேட்டை விற்றுவிட்டார்கள். லயங்களை இடித்தாகிவிட்டது. அவர் தஞ்சோங் மாலிமில் மகன் வீட்டில், வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நீங்கள் இறந்ததைச் சொன்னேன். தலையாட்டினார். பிறகு நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினேன். கூடு இருந்தது, நான் பார்த்தேன், குழலை நான்தான் இழுத்தேன், அன்று சொன்னது பொய் என்றேன்.

அவர் என்னை உட்காரச் சொன்னார்.

“எனக்குத் தெரியும்ப்பா.”

“எப்போ தெரியும்?”

“அப்பவே தெரியும். அந்த ரெண்டு டாங்கியையும் ரோட்டுல இருந்து இழுத்துத் தள்ள ஜப்பான்காரன் எங்களத்தான் கூட்டிட்டுப் போனான். முன்னால ஓட்டை. எலுமிச்சம்பழம் நுழையும். அத்தன சுத்தமான ஓட்டை. நான் விரல விட்டுப் பாத்தேன்.”

அவரே தொடர்ந்தார். குண்டு தூக்க வீட்டுக்கு ஒருவர் என்று கேட்டபோது அவர் பெயரைத்தான் எழுதினார்களாம். காய்ச்சல் என்று படுத்துக்கொண்டார். வீரன் போனான். வீரன் பிணமும் கிடைக்கவில்லை. அப்பாவும் அம்மாவும் ஒவ்வொரு நாளும், நீ போயிருக்க வேண்டியது என்பது போல அவர் முகத்தைப் பார்த்தார்கள்.

“அவன் கண்ணாடியோட ஓடி வந்தான். அவன்மேல போட்டேன். ஊரு நம்பிருச்சு. அப்புறம் எப்படி எறக்குறது?”

“இப்ப எறக்குங்க. நாலு பேர்கிட்ட சொல்லுங்க. நான் கூட வாரேன்.”

அவர் சாலையைப் பார்த்தார். “யாருகிட்ட? ஒருத்தன் கிள்ளான்ல இருக்கான், ஒருத்தன் ஜொகூர்ல. பாதிப்பேரு செத்துட்டான். புள்ளைங்களுக்கு அவன் பேரே தெரியாது. எஸ்டேட்டே இல்ல, எங்க போய் நின்னு சொல்லச் சொல்ற?”

மருமகள் மைலோ கொண்டுவந்து வைத்தாள். நான் குடிக்காமல் எழுந்து வந்துவிட்டேன். வழியெல்லாம் அவரை ஏசினேன். பஸ் பீடோரைத் தாண்டியபோது, அவரும் நானும் செய்தது ஒன்றுதான் என்று உறைத்தது. அவர் இத்தனை வருடமும் தெரிந்ததைப் பேசாமல் இருந்தார். நான் ஒரே ஒரு காலையில் பொய் பேசினேன்.

இப்போது என்னிடம் இருப்பது நீங்கள் கேட்ட அந்த ஒரு கேள்விதான். அதற்கு நான் தனியாக, யாரும் கேட்காத இந்த அறையில், பதில் எழுதுகிறேன். இருந்தது, அண்ணே. டார்ச் என் கையில் இருந்தது. பித்தளைக் கூடு பச்சை பூத்து உள்ளே இருந்தது. அடியில் ஊசி குத்திய பள்ளம் இருந்தது, உள்ளே குண்டு இல்லை. பீரங்கி சுட்டது. வீரன் கொடுத்த குண்டுதான் இரண்டாவது டாங்கியை நிறுத்தியது. நீங்கள் அதற்குப் பிறகுதான் ஓடினீர்கள்.

இதை அன்று சொல்ல எனக்கு ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது.